கணக்குப் புத்தகத்துல ஏறாத வரவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்க பேப்பர ரொம்ப வருஷமா படிக்கிறேன், கடிதம் எழுதறது இதுதான் முதல் தடவை. பெரிய கம்பெனி ஒன்னு புதுசா வருதுன்னா முதல் பக்கத்துல போடுறீங்க, எத்தனை கோடி முதலீடு, எத்தனை ஆயிரம் பேருக்கு வேலைன்னு. அது போட வேண்டியதுதான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஒரு நகரத்துல ஏற்கனவே இருக்கற சின்னச் சின்ன தொழில்கள், கடைகள், பட்டறைகள், ரெண்டு பேர் மூணு பேர வச்சு நடத்துற சர்வீஸ் சென்டர்கள் இதெல்லாம் அந்த ஊருக்கு என்ன பண்ணுதுன்னு யாரும் உக்காந்து யோசிச்ச மாதிரி தெரியல. யோசிச்சாலும் "பாவம், அவங்களும் பொழைக்கட்டும்"ங்கற பரிதாபத்தோட நின்னுடுது. எனக்கு அந்தப் பரிதாபம் பிடிக்கல. நாம அவங்கள காப்பாத்தறோம்னு நெனைச்சுக்கிட்டு இருக்கோம், பல நேரம் அவங்கதான் ஊர தாங்கிட்டு நிக்கறாங்க. அத கொஞ்சம் விளக்கமா சொல்லணும்னுதான் எழுதறேன், நீளமா போனா மன்னிச்சுக்கோங்க.

என் தொழில் கணக்கு எழுதறது. சொந்தமா சின்னதா தொழில் பண்றவங்களுக்கு வரவு செலவு பாத்து, வரி கட்ட வச்சு, லோனுக்கு பேப்பர் ரெடி பண்ணி குடுக்கறது. இத்தனை வருஷத்துல எத்தனையோ பேரோட கணக்கு நோட்டு பாத்தாச்சு, ஒரு விஷயம் மட்டும் எப்பவும் உறுத்திட்டே இருக்கும். அந்த நோட்டுல எழுத இடமே இல்லாத ஒரு வேலைய இவங்க தினமும் பண்றாங்க. வழக்கமா வர்ற பெரியவர் ரெண்டு நாளா வரலன்னா ஆள் அனுப்பி விசாரிக்கறது, ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைய அம்மா வர்ற வரைக்கும் கடைக்குள்ள உக்கார வச்சுக்கறது, அட்ரஸ் கேட்டு நிக்கறவருக்கு கையில இருக்கற வேலைய வச்சுட்டு வெளிய வந்து வழி காமிக்கறது, வண்டி மோதி விழுந்தவர மொத ஆளா ஓடிப்போய் தூக்கறது. இதுக்கெல்லாம் பில் கிடையாது. பில் இல்லன்னா வருமானம் இல்ல, வருமானம் இல்லன்னா எந்தப் புள்ளிவிவரத்துலயும் வராது. உலக வங்கி கணக்குப்படி உலகத்துல இருக்கற தொழில் நிறுவனங்கள்ல சுமார் 90 சதவீதம் சிறு, நடுத்தர நிறுவனங்கள்தான், மொத்த வேலையில பாதிக்கு மேல அங்கதான் இருக்கு. ஐ.நா. 2017ல அறிவிச்சதுல இருந்து வருஷா வருஷம் ஜூன் 27 அன்னிக்கு சிறு தொழில் தினம்னு கொண்டாடறப்ப மேடையில இந்த நம்பரத்தான் சொல்றாங்க. நல்ல நம்பர்தான், ஆனா நான் பேச வந்தது இந்த நம்பருக்குள்ள அடங்காத விஷயம்.

இது ஏதோ மனசுக்கு இதமா சொல்ற பேச்சுன்னு நெனைக்கறவங்களுக்காக 1995 ஜூலையில சிகாகோ நகரத்துல நடந்தத சொல்றேன். அந்த மாசம் அங்க வெயில் கொளுத்துச்சு, 13ஆம் தேதி மட்டும் 41 டிகிரி செல்சியஸ் தொட்டுச்சு, ராத்திரியிலயும் சூடு தணியல. அந்த சில நாள்ல வழக்கத்த விட 739 பேர் கூடுதலா செத்துப் போனாங்க, அதுல ரொம்ப பேர் தனியா வாழ்ந்த வயசானவங்க. எரிக் கிளைனன்பர்க்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர் பின்னாடி இத தோண்டித் துருவி ஆராய்ச்சி பண்ணாரு. அவர் எடுத்துக்கிட்டது பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு பகுதிய, நார்த் லான்டேல், சவுத் லான்டேல். ரெண்டுலயும் ஒரே வெயில். தனியா இருக்கற ஏழை முதியவங்க விகிதமும் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒன்னுதான். ஆனா நார்த் லான்டேல்ல லட்சத்துக்கு 40 பேர் செத்தாங்க, சவுத் லான்டேல்ல லட்சத்துக்கு சுமார் 4 பேர். பத்து மடங்கு வித்தியாசம், நடுவுல ஒரு ரோடு தாண்டுற தூரம்.

என்ன காரணம்னு பாத்தா, நார்த் லான்டேல்ல அதுக்கு முன்னாடி பல வருஷமாவே பெரிய தொழிற்சாலைகள் ஒன்னொன்னா மூடி, வேலை போய், ஜனங்க ஊர காலி பண்ணி, அவங்கள நம்பி இருந்த கடைகளும் மூடி, தெருவுல காலி மனையும் பூட்டிக் கெடக்கற கட்டடமும்தான் மிச்சம் இருந்துச்சு. வீட்ட விட்டு வெளிய வந்தா போறதுக்கு ஒரு இடம் இல்ல, வந்தாலும் பயம். அதனால வயசானவங்க ஜன்னல் கதவு எல்லாம் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்தாங்க, அப்படியே போய்ச் சேர்ந்தாங்க. சவுத் லான்டேல்ல கடைத்தெரு நெருக்கமா, சுறுசுறுப்பா இருந்துச்சு, நடைபாதை பூரா ஆள் நடமாட்டம். அந்த வயசானவங்களுக்கு வெளிய போறதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, போனா ஏசி இருக்கற கடைக்குள்ள கொஞ்ச நேரம் நிக்க முடிஞ்சுது, முகம் தெரிஞ்ச ஆள் இருந்தாங்க. அந்தக் கடைக்காரங்க யாரும் உயிர் காப்பாத்தற திட்டம்னு எதுவும் போடல, வழக்கம் போல கடைய தொறந்து வச்சிருந்தாங்க, அவ்வளவுதான். குடும்ப உறவு, சர்ச், வேற பல காரணமும் சேர்ந்துதான் இருக்கும், கடை ஒன்னுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இத படிச்சதுக்கு அப்புறம் ஒரு தெருவுல ஷட்டர் வரிசையா இறங்கிக் கெடக்கறத பாத்தா எனக்கு வியாபாரம் மட்டும் நினைவுக்கு வர்றதில்ல.

இத முன்னாடியே கவனிச்சு எழுதினவங்க உண்டு. ஜேன் ஜேக்கப்ஸ்னு ஒரு பெண்மணி, கட்டடக்கலையோ நகர திட்டமிடலோ படிச்சு பட்டம் வாங்கினவங்க இல்ல, நியூயார்க்ல தான் குடியிருந்த தெருவ உக்காந்து கவனிச்சே 1961ல ஒரு பெரிய விவாதத்த கிளப்பினாங்க. தெருவுக்கு பாதுகாப்பு போலீஸ் மட்டும் குடுக்கறதில்ல, தெருவ பாத்துக்கிட்டே இருக்கற கண்கள் குடுக்குது, அந்தக் கண்கள்ல ரொம்ப முக்கியமானது கடைக்காரரோட கண்ணுன்னு சொன்னாங்க. ஏன்னா அவருக்கு தெரு அமைதியா இருக்கறதுல சொந்த அக்கறை இருக்கு, தெரு கெட்டா யாவாரம் கெடும். அவங்க தெருவுல வீட்டு சாவிய கடைக்காரர் கிட்ட குடுத்துட்டுப் போற பழக்கம் இருந்துச்சாம், வெளியூர்ல இருந்து வர்ற விருந்தாளி வாங்கிக்கட்டும்னு. அவங்க அதுல கவனிச்ச நுணுக்கம் ரொம்ப பிடிச்சிருக்கு எனக்கு: சாவி குடுக்கற அளவுக்கு நம்பிக்கை, ஆனா உன் வீட்டுக்கு யாரு வர்றா ஏன் வர்றான்னு கேக்காத நாகரிகம். சொந்தக்காரங்க கிட்ட இது கிடைக்காது, முன்ன பின்ன தெரியாதவங்க கிட்டயும் கிடைக்காது. நடுவுல இருக்கற ஒரு உறவு இது. நம்ம பாஷையில இதுக்கு "பழக்கம்"னு அழகான வார்த்தை இருக்கு. "அவரு எனக்கு பழக்கம்"னா சினேகிதமும் இல்ல, அந்நியமும் இல்ல, ஒரு அவசரத்துக்கு போய் நிக்கலாம்னு அர்த்தம்.

இந்தப் பழக்கத்தோட மதிப்ப அளந்தவங்களும் இருக்காங்க. மார்க் கிரானோவெட்டர்ங்கற அமெரிக்க சமூகவியல் ஆய்வாளர் 1973ல வெளியிட்ட ஆய்வுல, தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்க கிட்ட அந்த ஆள நீங்க எவ்வளவு அடிக்கடி பாப்பீங்கன்னு கேட்டாரு. அடிக்கடி பாக்கற நெருங்கின ஆள் மூலமா கிடைச்சுதுன்னு சொன்னவங்க 17 சதவீதம் கூட இல்ல. எப்பவாவது பாக்கறவங்க மூலமா கிடைச்சுதுன்னு 55 சதவீதத்துக்கு மேல சொன்னாங்க. நெருங்கின ஆளுக்கு நமக்கு தெரிஞ்சதேதான் தெரியும், லேசா பழக்கமானவருக்கு நமக்கு தெரியாத வேற உலகம் தெரியும், அதான் விஷயம். ஒரு ஊர்ல லேசான பழக்கம் அதிகமா வச்சிருக்கறது யாரு? முடி வெட்டுறவர், மெடிக்கல் ஷாப்காரர், துணி தைக்கறவர், வண்டி ரிப்பேர் பாக்கறவர். ஒரே நாள்ல டாக்டரையும் பாப்பாங்க, கூலி வேலை பாக்கறவரையும் பாப்பாங்க, ரெண்டு பேரோட கஷ்டமும் காதுல விழும். எங்க ஆள் தேவைப்படுது, யாருக்கு வேலை வேணும், எந்த வீடு வாடகைக்கு காலியா இருக்குன்னு அவங்க வழியாத்தான் போய்ச் சேருது.

சரி, பணத்துக்கு வர்றேன், அதுதானே என் தொழில். ஒரு சின்ன முதலாளியோட செலவுப் பக்கத்த புரட்டினா வாடகை, சம்பளம் போக, கணக்கு எழுதறவருக்கு இவ்வளவு, போர்டு எழுதினவருக்கு இவ்வளவு, கரண்ட் வேலை பாத்தவருக்கு, பில் புக் அடிச்ச பிரஸ்ஸுக்கு, சரக்கு ஏத்தி வந்த வண்டிக்கு, அட்டைப்பெட்டி குடுத்தவருக்கு, உங்கள மாதிரி பேப்பர்ல குடுத்த விளம்பரத்துக்குன்னு எல்லாம் அதே ஊர்ப் பேருதான் வரும். லாபம்னு மிஞ்சறதும் அந்த முதலாளியோட குடும்பச் செலவா அதே ஊர்லதான் இறங்குது. நூறு கிளை வச்சிருக்கற ஒரு கம்பெனிக்கு கணக்கு, விளம்பரம், பிரிண்டிங், கொள்முதல் எல்லாம் தலைமை ஆபீஸ் இருக்கற இடத்துல நடக்கும், கிளை இருக்கற ஊருக்கு சம்பளமும் வாடகையும் மட்டும் வரும். அமெரிக்காவுல சிவிக் எகனாமிக்ஸ்னு ஒரு நிறுவனம் 2004ல சிகாகோவோட ஆண்டர்சன்வில் பகுதியில இத கணக்கு போட்டுச்சு. உள்ளூர்க்காரர் கடையில செலவு பண்ற 100 டாலர்ல 68 டாலர் அந்த நகரப் பொருளாதாரத்துலயே சுத்துது, செயின் கடையில 43 டாலர்தான் தங்குதுன்னு வந்துச்சு. அதே நிறுவனம் 2002ல டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரத்துல பண்ண ஆய்வுல 45க்கு 13னு வந்துச்சு. உள்ளூர் வளர்ச்சி அமைப்புகள் கேட்டு பண்ண ஆய்வுங்கறத மனசுல வச்சுக்கிட்டு படிக்கணும், ஊருக்கு ஊர் நம்பர் மாறும். ஆனா ஏன் அந்த வித்தியாசம் வருதுங்கறது செலவுப் பக்கத்த கையால எழுதின எனக்கு நல்லாவே புரியுது.

இதவிட பெரிய காரணம் ஒன்னு இருக்கு. முடிவு எடுக்கற ஆள் எங்க குடியிருக்கார்ங்கறது. தெருவுல சாக்கடை உடைஞ்சா அந்த நாத்தம் சின்ன முதலாளிக்கும் அடிக்குது, பள்ளிக்கூடம் சரியில்லன்னா அவர் பிள்ளையும் அங்கதான் படிக்குது. ஆள நிறுத்தணும்னா அந்த ஆளோட முகத்த நாளைக்கும் பாக்கணும். ஆயிரம் மைல் தள்ளி இருக்கற ஒரு ரூம்ல உக்காந்து "இந்தக் கிளை லாபம் தரல, மூடிடலாம்"னு முடிவு பண்றவர் கெட்டவர்னு நான் சொல்லல, அவருக்கு அந்தத் தெரு தெரியாது. 1946ல அமெரிக்க செனட்டோட சிறு தொழில் கமிட்டிக்காக ரைட் மில்ஸ், மெல்வில் உல்மர்னு ரெண்டு பேர் இத ஆராய்ஞ்சாங்க. அளவுல ஒரே மாதிரி இருக்கற ஊர்கள ஜோடி ஜோடியா, மூணு ஜோடி எடுத்துக்கிட்டாங்க. ஒவ்வொரு ஜோடியிலயும் ஒரு ஊர் ஒன்னு ரெண்டு பெரிய கம்பெனிய நம்பி இருக்கறது, இன்னொன்னு நெறைய சின்ன தொழில் இருக்கறது. சின்ன தொழில் இருக்கற ஊர்ல வருமானம் கொஞ்சம் பரவலா இருக்கு, பொது வாழ்க்கை வசதிகள் மேல இருக்கு, ஊர்ப் பொது வேலைய இழுத்துப் போட்டு செய்ய ஆள் இருக்குன்னு எழுதினாங்க.

அதே காலத்துல, 1940கள்ல, கலிபோர்னியாவுல வால்டர் கோல்ட்ஷ்மிட்ங்கற மானிடவியல் ஆய்வாளர் பண்ண ஆய்வு இன்னும் அழுத்தமானது. ஆர்வின், டைனூபான்னு ரெண்டு சின்ன ஊர், ரெண்டுலயும் விவசாய உற்பத்தி மதிப்பு கிட்டத்தட்ட சமம். ஆர்வின்ல நிலம் பெரிய பண்ணைகள் கையில, டைனூபால சின்ன குடும்பப் பண்ணைகள் கையில. டைனூபால 62 வியாபார நிறுவனங்கள், ஆர்வின்ல 35. பள்ளிக்கூடம் டைனூபால அதிகம், சங்கங்கள் ரெண்டு மடங்குக்கு மேல. டைனூபால மூணு பூங்கா, ஆர்வின்ல பிள்ளைங்க விளையாட ஒரே ஒரு மைதானம், அதுவும் ஒரு கம்பெனி இரவல் குடுத்தது. ஆசிரியர் அவர்களே, இது உங்களுக்காகவே சொல்றேன்: டைனூபால ரெண்டு பத்திரிகை நடந்துச்சு, ஆர்வின்ல ஒன்னே ஒன்னு. டைனூபா பழைய ஊர், ஆர்வின் புதுசா வந்த ஊர், அதனாலயும் இந்த வித்தியாசம் இருக்கலாம்னு பின்னாடி வந்த ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினாங்க, அது நியாயமான கேள்வி. ஆனா அந்த இரவல் மைதானம் என் மனச விட்டு போகவே மாட்டேங்குது. தன் பிள்ளைங்க விளையாடற இடத்துக்கு கூட வெளிய இருந்து ஒருத்தர் அனுமதி குடுக்கணும்னா அந்த ஊர்ல குடியிருக்கறவங்களுக்கு ஊர் எந்த அளவுக்கு சொந்தம்?

சின்ன தொழில் பண்றவங்க ஒன்னா சேர்ந்து என்ன பண்ண முடியும்னு கேட்டா கனடாவுல இருக்கற டொரான்டோவ சொல்லணும். அறுபதுகள் கடைசியில அங்க ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ்ங்கற கடைத்தெரு வாடிக்கையாளர் இல்லாம வாடிப் போச்சு, ஒரு பக்கம் பெரிய ஷாப்பிங் மால்கள் வந்துடுச்சு, இன்னொரு பக்கம் 1968ல சுரங்க ரயில் நீட்டிப்பு வந்ததும் முன்ன ட்ராம்ல இருந்து இறங்கி கடைய பாத்துட்டு போனவங்க தரைக்கு அடியிலயே போயிட்டாங்க. கடைக்காரங்க சந்தா போட்டு பாத்தாங்க. எல்லா சங்கத்துலயும் வர்ற பிரச்சனைதான் அங்கயும் வந்துச்சு, நாலு பேர் குடுப்பாங்க, பத்து பேர் குடுக்காமயே பலன அனுபவிப்பாங்க. அப்ப அவங்க ஒரு யோசனை பண்ணாங்க, எங்க மேல எங்களுக்காக நாங்களே ஒரு வரி போட்டுக்கறோம், நகராட்சி வசூல் பண்ணி எங்க கிட்டயே குடுக்கட்டும், எல்லாரும் கட்டியே ஆகணும்னு. அதுக்கு சட்டம் மாத்த வச்சு 1970ல உலகத்துலயே முதல் வணிக மேம்பாட்டுப் பகுதியா அது வந்துச்சு. அந்தக் காசுல விளக்கு போட்டாங்க, மரம் நட்டாங்க, உக்கார பெஞ்ச் போட்டாங்க, தெருவிழா நடத்தினாங்க. இன்னிக்கு டொரான்டோல மட்டும் இந்த மாதிரி 80க்கு மேல இருக்கு, வேற பல நாடும் இத எடுத்துக்கிச்சு. ஒருத்தருக்கொருத்தர் போட்டியா இருக்கற ஆளுங்க தெரு நல்லா இருந்தாத்தான் நமக்கு பொழப்புன்னு ஒரே மேஜையில உக்காந்தாங்க பாருங்க, அதத்தான் நான் ஊர் ஒற்றுமைன்னு சொல்றேன்.

இவ்வளவு சொன்னதால சின்னதா இருந்தாலே நல்லதுன்னு நான் சொல்றதா எடுத்துக்க வேணாம். கணக்கு பாக்கறவனுக்கு குறையும் தெரியும். பெரிய நிறுவனங்கள்ல பொதுவா சம்பளம் கூட, லீவு, இன்சூரன்ஸ், பி.எஃப். எல்லாம் ஒழுங்கா இருக்கும். சின்ன இடங்கள்ல "நீயும் எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி"ன்னு சொல்லியே பத்து மணி நேரம் நிக்க வச்சு வேலை வாங்கறது உண்டு. நடைபாதைய மறிச்சு சரக்க அடுக்கி வயசானவங்கள ரோட்டுல எறங்கி நடக்க விடறதும் உண்டு. தெருவோட நம்பிக்கையில வாழற தொழில் அந்தத் தெருவுல நடக்கறவங்களுக்கு இடைஞ்சல் பண்ணக் கூடாது, தன் கிட்ட வேலை பாக்கறவங்களுக்கு சட்டப்படி குடுக்க வேண்டியத குடுக்காம ஊருக்கு நன்கொடை குடுக்கக் கூடாது. இத நான் என் கிட்ட கணக்கு குடுக்கறவங்க மூஞ்சிக்கு நேராவே சொல்லுவேன், சில பேர் கோவிச்சுக்கிட்டு போயிருக்காங்க, சில பேர் அடுத்த மாசமே சம்பள ரிஜிஸ்டர் போட்டிருக்காங்க.

இப்ப அவங்க உண்மையிலயே எதுல சாகறாங்கன்னு சொல்றேன். எல்லாரும் ஆன்லைன், ஆன்லைன்னு சொல்றாங்க, அது ஒரு காரணம்தான், ஆனா நான் நோட்டுல பாக்கற ரெண்டு காரணம் வாடகையும் பாக்கியும்.

வாடகை எப்படி கொல்லுதுன்னா, ஒரு தெருவ ஆளுங்க தேடி வர்ற இடமா மாத்தினதே அங்க இருக்கற சின்ன கடைகள்தான். தெருவுக்கு பேரு வந்ததும் இடத்தோட மதிப்பு ஏறுது, வாடகை ஏறுது, அந்த வாடகைய குடுக்க முடியாம பேர் வாங்கிக் குடுத்தவங்களே வெளிய போறாங்க. ஜேக்கப்ஸ் இதையும் எழுதினாங்க, நல்லா இருக்கற தெரு தன் நல்ல தன்மையாலயே அழியற மாதிரி ஆயிடுதுன்னு. புது யோசனையோட தொழில் ஆரம்பிக்கறவருக்கு வாடகை கம்மியான பழைய கட்டடம் வேணும்ங்கறதும் அவங்க சொன்னதுதான், எல்லாத்தையும் இடிச்சு புதுசா கட்டிட்டா கையில காசு கம்மியா இருக்கற ஆளுக்கு ஆரம்பிக்கவே இடம் இருக்காது. இதுக்கு வழியே இல்லன்னு சொல்றதுக்கில்ல. பாரிஸ் நகராட்சி 2004ல ஒரு திட்டம் ஆரம்பிச்சுது, நகராட்சி சார்பா ஒரு நிறுவனம் தெருவுல விலைக்கு வர்ற கீழ்த்தள கடைகள வாங்கி, சரி பண்ணி, அந்தப் பகுதிக்கு தேவையான சின்ன வியாபாரிக்கு, புத்தகக் கடைக்கெல்லாம் வாடகைக்கு விடுது. சான் பிரான்சிஸ்கோல 2015ல இருந்து பாரம்பரிய தொழில்களுக்குன்னு ஒரு பதிவேடு வச்சிருக்காங்க, பொதுவா 30 வருஷமா நடக்கற தொழில் அதுல சேரலாம், அந்த மாதிரி கடைக்கு பத்து வருஷத்துக்கு குறையாம நீண்டகால ஒப்பந்தம் போட்டுக் குடுக்கற கட்டட சொந்தக்காரருக்கே நகராட்சி மானியம் குடுக்குது. எனக்கு இது ரொம்ப புத்திசாலித்தனமா படுது, கட்டட சொந்தக்காரர எதிரியா நிறுத்தாம இந்தப் பக்கம் இழுக்கற வழி இது. எந்த நகராட்சியும் இத யோசிக்கலாம்.

ரெண்டாவது பாக்கி. சின்ன தொழில் நஷ்டத்துல மூடறத விட கையில காசு இல்லாம மூடறதுதான் நான் அதிகமா பாத்தது. நோட்டுல லாபம் இருக்கும், ஆனா அந்த லாபம் யாரோ குடுக்க வேண்டிய பில்லுல மாட்டிக்கிட்டு நிக்கும். பெரிய நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் சரக்க வாங்கிட்டு, வேலைய முடிச்சு வாங்கிட்டு, மாசக்கணக்கா இழுக்கறாங்க. இவரு என்ன பண்ணுவாரு, சம்பளம் குடுக்க வட்டிக்கு வாங்குவாரு, அந்த வட்டி லாபத்த தின்னுடும். ஐரோப்பிய யூனியன் 2011ல கொண்டு வந்த விதிப்படி அரசு அமைப்புகள் பொதுவா 30 நாளுக்குள்ள பணம் குடுக்கணும். இந்தியாவுல 2006ல வந்த எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர தொழில்) சட்டத்துல அதிகபட்சம் 45 நாள். சட்டம் இருக்கு, ஆனா தன்கிட்ட வாங்கற ஒரே பெரிய கஸ்டமர் மேல புகார் குடுக்க எந்த சின்ன முதலாளிக்கு தைரியம் வரும்? அடுத்த ஆர்டர் போயிடுமே. அதனால புகார் வந்தாதான் நடவடிக்கைன்னு இல்லாம, எந்த அலுவலகம் எத்தனை நாள்ல பணம் குடுக்குதுன்னு வருஷா வருஷம் வெளிப்படையா போட்டாலே பாதி பிரச்சனை தீரும். மானியமோ பொன்னாடையோ வேணாம், குடுக்க வேண்டிய காச தேதியில குடுங்கன்னுதான் என் கிட்ட வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க.

புதுசா தொழில் ஆரம்பிக்கற பசங்க, பொண்ணுங்க இப்ப நெறைய வர்றாங்க, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம். அவங்களுக்கும் ஒன்னு சொல்லணும்னு தோணுது. எல்லாரும் ஸ்டார்ட்-அப், ஃபண்டிங், பத்து நகரத்துக்கு போகணும்னு பேசறாங்க, போங்க, தப்பில்ல. ஆனா மொத மூணு வருஷம் உங்க தெருவுல இருக்கற ஆளுங்களுக்கு உங்க பேர் தெரியற மாதிரி தொழில் பண்ணுங்க. பிரிண்டிங் எங்கயோ ஆன்லைன்ல சல்லிசா கிடைக்கும்தான், ஆனா ராத்திரி ஒன்பது மணிக்கு அவசரமா ஒரு லேபிள் வேணும்னா பக்கத்து பிரஸ்காரர்தான் ஷட்டர தூக்குவாரு. பழைய கடைக்காரர் கிட்ட போய் உக்காருங்க, எந்த மாசம் வியாபாரம் படுக்கும், யாருக்கு கடன் குடுக்கக் கூடாது, எந்த சப்ளையர் சொன்ன தேதிக்கு அனுப்புவாருங்கறது எந்த கோர்ஸ்லயும் சொல்லித் தர மாட்டாங்க. அவருக்கும் உங்க கிட்ட இருந்து வேண்டியது இருக்கு, மொபைல்ல ஆர்டர் எடுக்கறது, மேப்ல கடைய சேக்கறது, ஜி.எஸ்.டி. பில் போடறது. நான் பாத்த வரைக்கும் இந்த ரெண்டு தலைமுறையும் ஒரே தெருவுல ஒருத்தர ஒருத்தர் கண்டுக்காம இருக்கறதுதான் பெரிய நஷ்டம். வாரிசு இல்லாமயே நிறைய நல்ல தொழில் மூடுது, பிள்ளைங்க வேற வேலைக்கு போயிட்டாங்க, லாபத்துல ஓடற தொழில வாங்கி நடத்த ஆள் தெரியாம பூட்டிட்டு போறாங்க, அதே நேரம் நாலு தெரு தள்ளி ஒரு பையன் என்ன தொழில் பண்ணலாம்னு தேடிக்கிட்டு இருக்கான்.

கடைசியா உங்க கிட்ட ஒரு வேண்டுகோள். கடை தொறந்தா விளம்பரமா வருது, மூடினா ஒரு வரி கூட வர்றதில்ல. வாரத்துக்கு ஒரு தடவை, கால் பக்கம் போதும், அந்த வாரம் ஊர்ல மூடின ஒரு சின்ன தொழிலப் பத்தி எழுதுங்க. எத்தனை வருஷம் நடந்துச்சு, எத்தனை பேர் வேலை பாத்தாங்க, எதனால மூடினாங்க, வாடகையா, வராத பாக்கியா, ரோடு வேலைக்குன்னு மாசக்கணக்கா தோண்டிப் போட்டதா, எடுத்து நடத்த ஆள் இல்லாததா. பேர் போட விருப்பம் இல்லன்னா பேர் இல்லாம போடுங்க. ஒரு வருஷம் விடாம எழுதினீங்கன்னா எந்தப் பகுதி, என்ன காரணத்தால காலியாகுதுன்னு ஐம்பது உதாரணம் கையில இருக்கும், நகராட்சி கூட்டத்துல கேள்வி கேக்கறவங்களுக்கு அது போதும். மூடப் போற தொழில எடுத்து நடத்த ஆள் தேடறவங்களுக்கும் அதே பக்கத்துல கீழ ரெண்டு இஞ்ச் இடம் இலவசமா குடுத்தீங்கன்னா, சில ஷட்டர் இறங்காமலே போகலாம். விவரம் சேகரிக்க, கணக்க புரிஞ்சுக்க ஆள் வேணும்னா நான் வர்றேன், சனி ஞாயிறு எனக்கு நேரம் இருக்கு.

இப்படிக்கு,
சின்ன தொழில்களுக்கு கணக்கு எழுதற உங்க வாசகர்